பதினேழாம் எண் இரத்தம்

மகள் தன் விரலில் ஊசி குத்திக்கொண்டதை என்னிடம் மட்டும்தான் சொன்னாள். குளித்துவிட்டுத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்கு வந்து நின்றாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பேருந்தில் குடையை விட்டுவிட்டு வந்தவளைப் போலத்தான் பேச்சைத் தொடங்கினாள்.

“அம்மா, ஒண்ணு சொன்னா கத்தமாட்டீங்களே?”

“முதல்ல சொல்லு.”

“மலையில ரத்தம் எடுக்கறப்ப ஊசி கையில குத்திருச்சு. சின்னதுதான் லா. அங்கேயே கழுவி ஸ்பிரிட் போட்டுட்டேன்.”

“புது ஊசியா, ரத்தம் எடுத்ததா?”

அவள் துண்டை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். இரத்தம் எடுத்த ஊசிதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஜார்ஜ் டவுன் ஆஸ்பத்திரி ஒன்றின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்திருந்தேன். மகள் தாதிப் பயிற்சியின் கடைசி வருடத்தில் இருந்தாள். வார நாள்களில் விடுதி, சனி ஞாயிறு வீடு. பினாங்கு டாக்டர்கள் சிலர் பள்ளி விடுமுறையில் ஒரு தொண்டர் குழுவாகச் சேர்ந்து, பேராக் மாநிலத்தின் வடக்கு மலைகளில் இருந்த ஓராங் அஸ்லி குடியிருப்பு ஒன்றுக்கு மூன்று நாள் முகாமுக்குப் போனார்கள். அந்த மலைகளின் ஆதி மக்கள் அவர்கள். மகளும் அந்தக் குழுவில் போயிருந்தாள். மலேரியா, இரத்தச் சோகை, கல்லீரல் நோய் என்று எல்லாவற்றையும் பார்ப்பதற்காக இரத்தம் எடுத்தார்கள். அந்தக் குழாய்களெல்லாம் எங்கள் கூடத்துக்குத்தான் வரவேண்டும்.

குத்திய கதையை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். முகாமில் ஒரு குமாஸ்தா பட்டியலை வைத்துக்கொண்டு பெயர்களை உரக்கக் கூப்பிட்டிருக்கிறார். பதினேழாம் பெயருக்கு யாரும் வரவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“அந்த அண்ணன் நெத்தியில அடிச்சுக்கிட்டு, ‘பதினேழு, பதினேழு, காது கேக்கலயா’ன்னு அதே பேரை மூணாவது தடவை கத்துனாருமா. அப்புறம்தான் ஒரு அம்மா கைப்புள்ளயத் தூக்கிக்கிட்டு அவசரமா ஓடி வந்தாங்க. புள்ள நல்லா கொழுகொழுன்னு இருந்துச்சு. அந்தம்மா கையில பாதி ரத்தம்தான் எடுத்திருப்பேன், அந்தப் பய ஒரே உதை. ஊசி தெறிச்சு என் விரல்ல ஏறிருச்சு. அந்தம்மாதான் பாவம், பதறிப் போயிட்டாங்க.”

“டாக்டர்கிட்ட சொன்னியா?”

“சொன்னா சிஸ்டர் ரிப்போர்ட் எழுதிருவாங்க. பரீட்சை வருது. அடுத்த தடவை கூட்டிட்டும் போகமாட்டாங்க. மலையில இருக்கறவங்கம்மா. அவங்களுக்கு என்ன வரப்போகுது?”

நானும் அப்படித்தான் நினைத்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. எய்ட்ஸ் என்ற அந்த நோய் துறைமுகத்துக்கும், சந்துகளில் ஊசி போட்டுக்கொள்ளும் பையன்களுக்கும் உரியது என்றுதான் படித்த நாங்களே நம்பியிருந்தோம். மலை என்றால் சுத்தம், ஆறு, காற்று. மகளுக்கு மலேரியா வந்துவிடுமோ என்றுதான் அந்த வாரம் முழுக்கப் பயந்தேன். மலையடிவாரம் வரை மரம் வெட்டும் முகாம்கள் வந்துவிட்டதும், அங்கே கூலிக்குப் போன ஆண்கள் லாரியில் ஏறிப் பட்டணத்துக்குப் போய் வந்ததும் எனக்குத் தெரியாத செய்திகள் அல்ல. தெரிந்த இரண்டு விஷயங்களை நான் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை.

குழாய்கள் வந்தன. அவற்றைச் சோதித்ததும் நான்தான். சோதனைத் தட்டில் தொண்ணூற்றாறு சிறு குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியிலும் ஒருவருடைய இரத்த நீர். கடைசி மருந்தை ஊற்றியபின் எய்ட்ஸ் கிருமியின் அடையாளம் இல்லாத குழி தண்ணீர்போல இருக்கும், இருந்தால் மஞ்சளாகும். அன்று காலை மலையிலிருந்து வந்த வரிசையில் ஒரே ஒரு குழி மஞ்சளானது. எலுமிச்சம்பழத்தின் மஞ்சள். பட்டியலில் விரலை வைத்து எண்ணினேன். ஒருமுறை, பிறகு இன்னொருமுறை. பதினேழு.

மறுபடியும் சோதித்தேன். மறுபடியும் மஞ்சள். கோலாலம்பூருக்கு அனுப்பி உறுதி செய்ய வேண்டும். ஆனால் அந்தக் குழாயில் இரத்தம் குறைவாகவே இருந்தது. குழந்தை உதைத்ததால் பாதியில் நின்ற இரத்தம். மிச்சமிருந்தது எதற்கும் போதவில்லை. எங்கள் தலைமை டாக்டர் சீனர், அதிகம் பேசாதவர். மலேரியா அதிகமுள்ள இடங்களில் இந்தச் சோதனை தவறாக மஞ்சள் காட்டுவதுண்டு என்றார். அந்த வட்டாரத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸரிடம் சொல்லி அதே ஆளிடமிருந்து இன்னொரு குழாய் எடுத்துவரச் சொல்வோம், அதுவரை யாரிடமும் பேச வேண்டாம் என்றார்.

நான் பேசினேன். அந்தச் சனிக்கிழமையே மகளிடம் சொல்லிவிட்டேன். வேலை விதியை மீறினேன் என்பது எனக்கு அப்போது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை.

அவள் அழவில்லை. தன் குவளையையும் தட்டையும் தனியே எடுத்து வைத்தாள். துண்டைத் தனியாகக் காயப்போட்டாள். பக்கத்து வீட்டுக் குழந்தை தவழ்ந்து வந்தால் எழுந்து உள்ளே போனாள். இப்படியெல்லாம் பரவாது என்று பாடத்தில் படித்தவள். அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான். இரண்டு பேருக்கும் அது உதவவில்லை. என் கணவர் பட்டர்வொர்த்தில் ரயில்வே அலுவலகத்தில் இருந்தார். வேலை முடிந்து வந்தவர் அந்தக் குவளையைப் பார்த்துவிட்டு, “என்னா இது, வீட்டுல புதுச் சட்டமா? எனக்கு மட்டும் சுற்றறிக்கை வரலயே?” என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அன்று அவரிடமும் சொல்ல வேண்டியதாயிற்று.

மூன்று வாரம் கழித்து டிரெஸ்ஸர் வந்தார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழர், முப்பத்தைந்து வயது இருக்கும். மலையில் பல வருடமாக மருந்துப் பெட்டியோடு சுற்றுபவர், அவர்கள் பேச்சும் கொஞ்சம் தெரியும். பேருந்தும் ஃபெரியும் பிடித்து, ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். பட்டர்வொர்த்தில் தன் தங்கை வீட்டில் தங்கி, முடிவுக் கடிதத்தை மறுநாள் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

அன்றே சோதித்தேன். பதினேழு தண்ணீர்போல இருந்தது. மூன்று குழிகளில் வைத்தேன். மூன்றும் தண்ணீர்.

கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு விடுதிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். வார்டன் அம்மாள் அவளைத் தேடிக் கூட்டிவந்தார்.

“ஒண்ணும் இல்லம்மா. சுத்தம். முதல்ல வந்தது தப்பு.”

மறுமுனையில் அவள் போட்ட சத்தம் வார்டனுக்கும் கேட்டிருக்கும். மாலை வேலை முடிந்து மார்க்கெட் ஸ்திரீட்டுக்கு நடந்தேன். லட்டும் மல்லிகைப்பூவும் வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டு, வழியில் பார்த்த தெரிந்தவர்களுக்கெல்லாம் லட்டைக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். சும்மா என்றேன்.

மறுநாள் காலை டிரெஸ்ஸருக்குக் கடிதத்தைக் கொடுத்து, கேன்டீனில் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். என் மகளைக் காப்பாற்றிய மனிதராக அவரை நான் அப்போது பார்த்தேன். அவர் களைத்திருந்தார்.

“இந்தத் தடவை நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்க்கா. கிழவர் ஒருத்தர் கையவே ஓங்கிட்டாரு.”

“ஏன்?”

“பட்டியல்ல இருக்கற பேரைச் சொல்லிக் கேட்டுட்டேன். அங்க புள்ள பேரை வச்சுத்தான் தாயைக் கூப்புடுவாங்க, இன்னாரோட அம்மான்னு. அந்தப் பேரைத்தான் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எழுதியிருக்காங்க. இப்ப அந்தப் புள்ள செத்துப் போச்சு. செத்தவங்க பேரை வாயில எடுக்கவே கூடாது. தாயோட பேரும் மாறிரும். எனக்குத் தெரிஞ்ச வழக்கம்தான். புள்ள போனதுதான் தெரியல. நான் பாட்டுக்கு ஊரு நடுவுல நின்னு அந்தப் பேரைக் கத்துனா சும்மா விடுவாங்களா?”

“அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“எல்லார் ஐ.சி. அடையாள அட்டையையும் வாங்கி நம்பரைப் பார்த்தேன். ஒத்துப் போச்சு. ஆளு இதுதான்னு நல்லாப் பார்த்துட்டுத்தான் எடுத்தேன். பாவம்க்கா. இருந்தது அந்த ஒரே புள்ளதான். போன மழைக்காலத்துல காய்ச்சல்ல போயிருச்சு.”

“கைக்குழந்தை இல்லயா?”

“எங்க? அதான் சொல்றேனே, ஒண்ணுமில்ல.”

“அப்ப முகாம்ல அவங்க எப்படி வந்து ரத்தம் கொடுத்தாங்க?”

“அது தெரியல. நான் அன்னைக்கு மருந்து கொடுக்கற பக்கம் இருந்தேன். வந்துதானே குடுத்திருக்கும்? குழாய் இருக்கே.”

அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றார். எனக்கு அந்தக் குடியிருப்பு கண்முன்னே தெரிந்தது. குமாஸ்தா, போன மழைக்காலத்தில் செத்த ஒரு பிள்ளையின் பெயரை ஊரார் நடுவே ஒருமுறை சொல்கிறார், இரண்டு முறை சொல்கிறார், நெற்றியில் அடித்துக்கொண்டு மூன்றாம் முறை கத்துகிறார். பெற்றவள் கூட்டத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். யாரும் விளக்கிச் சொல்ல முடியாது. விளக்கினால் அந்தப் பெயரை இன்னொருமுறை சொல்ல வேண்டிவரும். நான்காம் முறை அந்தப் பெயர் காற்றில் எழாமல் இருக்க வேறொருத்தி தன் கைப்பிள்ளையோடு எழுந்து ஓடி வந்து கையை நீட்டிவிட்டாள். அவ்வளவுதான். பின்னால் தன் பெயர் கூப்பிடப்பட்டபோது அவள் பேசாமல் இருந்திருப்பாள், ஏற்கெனவே கொடுத்தாயிற்றே.

இதைப் புரிந்துகொள்ள நான் மலையில் பிறந்திருக்க வேண்டியதில்லை. எங்கள் ஆஸ்பத்திரிப் பதிவு மேசையில் கணவன் பெயரைக் கேட்டால், வெட்கத்தோடு பக்கத்திலிருப்பவளைச் சொல்லச் சொல்லும் தமிழ்ப் பெண்களை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். நானே என் கணவரை ‘பாப்பா அப்பா’ என்றுதான் மகள் பிறந்ததிலிருந்து கூப்பிடுகிறேன்.

ஆக, இரண்டாவது குழாய் பிள்ளையை இழந்தவளுடையது. அது சுத்தம். முதல் குழாய் கைப்பிள்ளைக்காரியுடையது. அதுதான் மஞ்சள். என் மகளின் விரலில் ஏறிய இரத்தம் அது. அந்தப் பெண் அங்கே மலையில் அந்தப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

உதைத்த குழந்தையைப் பற்றி மகள் என்னிடம் மட்டுமே சொல்லியிருந்தாள். மற்றவளுக்குக் குழந்தை இல்லை என்பது டிரெஸ்ஸருக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்து தெரிந்த ஒரே ஆள் நான்.

தலைமை டாக்டரின் அறைக்கதவு என் மேசையிலிருந்து பத்தடி தூரம். நான் எழுந்து போகவில்லை.

ஏன் என்று பிறகு பல முறை என்னையே கேட்டிருக்கிறேன். சொல்வதற்கு அப்போது காரணங்கள் நிறைய இருந்தன. நான் வாயைத் திறந்தால் ஊசி குத்தியதைச் சொல்லியாக வேண்டும். மகள் மறைத்தது வெளியே வரும். தாதிகள் விடுதியில் ஒரு பேச்சு எழுந்தால் அது எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே, இந்த நோய் வந்த ஒருவர் இருந்த அறைக்குச் சாப்பாட்டுத் தட்டைக் காலால் தள்ளியவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, முந்தின நாள் தொலைபேசியில் அவள் போட்ட அந்தச் சத்தம். அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆறு மாதம் ஆனால் அவளுடைய இரத்தம் உறுதியாகச் சொல்லிவிடும். அதுவரை பொறுப்போம் என்று நினைத்தேன். அவளுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தபின் போய்ச் சொல்லிவிடலாம். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தால்தான் என்ன, கொடுக்க நம்மிடம் மருந்தா இருக்கிறது என்று கேட்டுக்கொண்டேன். அந்தக் கேள்வி பொய் என்பது ஒரு பரிசோதனைக்கூடக்காரிக்குத் தெரியாதா? மருந்து இல்லாவிட்டாலும் பால் இருந்தது. பாலை நிறுத்தச் சொல்லி மாவுப்பால் கொடுத்திருக்கலாம். கணவனைச் சோதித்திருக்கலாம். மற்றவர்களை எச்சரித்திருக்கலாம்.

ஃபெரியில் ஒருநாள் கணவரோடு வரும்போது அவரிடம் சொன்னேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பிறகு, “நெகடிவ்னு காகிதத்துல இருக்குல்ல? நீ என்ன டாக்டரா? முதல்ல நம்ம புள்ள. அப்புறம் ஊர்ப்புள்ள,” என்றார். அதற்காக அவர் மேல் பல நாள் கோபமாக இருந்தேன். ஆனால் அந்தப் பதிலை வாங்கத்தான் நான் அவரிடம் போனேன்.

மகளிடம் அந்த இரண்டாவது குழாயைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆறாம் வாரம் அவளைச் சமையலறை மேசையருகே உட்கார வைத்து இரத்தம் எடுத்தேன்.

“அதான் சுத்தம்னு வந்திருச்சே. எதுக்கும்மா?”

“சும்மா ஒரு முறைக்கு. கைய நீட்டு.”

“லேப்ல வேலை இல்லன்னா என்னைத்தான் குத்துவீங்களா? ரத்தக் காட்டேரி அம்மா.”

அவள் குவளையெல்லாம் மறுபடியும் எங்களுடையவற்றோடு கலந்துவிட்டிருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தாள். நான் அவள் குழாய்க்கு வேறு எண்ணை ஒட்டி, மற்ற குழாய்களோடு வைத்துச் சோதித்தேன். தண்ணீர். மூன்றாம் மாதம், தண்ணீர். ஒவ்வொரு முறையும் கடைசி மருந்தை ஊற்றிவிட்டு நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் மலைப்பெண்ணை நினைப்பேன். நிறம் வரவில்லை என்று தெரிந்ததும் மறந்துவிடுவேன். இது எழுதக் கூசுகிற விஷயம். அப்படித்தான் நடந்தது.

அந்த மாதங்களில் இன்னொரு நினைவும் வந்து உட்கார்ந்துகொண்டது. எழுபதுகளில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், மலேரியாக் கணக்கெடுப்புக்காக நானும் இப்படிப்பட்ட குடியிருப்புகளுக்குப் போயிருக்கிறேன். வரிசையாக விரல்களை நீட்டுவார்கள். ஒரே குத்தூசியை ஸ்பிரிட் பஞ்சில் துடைத்துத் துடைத்து அடுத்த விரலில் குத்துவோம். அப்போது எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். தவறென்று யாரும் சொல்லித்தரவில்லை. அந்தக் காலத்தில் இந்த நோய் இங்கே இல்லை என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் இரத்தத்தில் போகக்கூடியது இது ஒன்று மட்டுமா? வெளியிலிருந்து மலைக்கு என்னென்ன போயிற்று என்று யோசித்தால், மரம் வெட்டும் லாரியோடு என் குத்தூசியும் வரிசையில் நிற்கிறது.

ஆறாம் மாதச் சோதனையும் தண்ணீராக வந்தது. மறுநாள் காலை தலைமை டாக்டரின் கதவைத் தட்டினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எப்போதிலிருந்து தெரியும்? நான் சொன்னேன். கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார். பிறகு காகிதத்தை இழுத்து எழுதத் தொடங்கினார். நான் வெளியே போகத் திரும்பியபோது, உன் மகளின் பெயரை இதில் எழுதவில்லை என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெறும்வரை என்னிடம் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு பேசியதில்லை.

டிரெஸ்ஸர் போய்ப் பார்த்தபோது குடியிருப்பு காலியாக இருந்தது. சாவு நடந்த இடத்தில் அவர்கள் இருக்கமாட்டார்கள், வீடுகளை விட்டுவிட்டு வேறிடம் போய்விடுவார்கள் என்று அவர் தொலைபேசியில் சொன்னார். யாருடைய சாவு என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

“அந்தக் கைப்புள்ளதான்க்கா. ரெண்டு மாசம் ஆகுதாம். வயித்தால போயி, இருமி, நூலா போயிருச்சாம்.”

இன்னொரு ஓடையின் மேல்பக்கத்தில் அவர்களைக் கண்டுபிடிக்க அவருக்கு மூன்று வாரம் பிடித்தது. இந்தமுறை ஒவ்வொருவரையும் படம் பிடித்து, எண் ஒட்டி, எல்லோருடைய இரத்தத்தையும் எடுத்து வந்தார். தட்டில் அந்தப் பெண் மஞ்சள். மரம் வெட்டப் போய்வந்த அவள் கணவன் மஞ்சள். அவை எதிர்பார்த்தவை. வரிசையின் கடைசியில் இன்னொரு குழி மஞ்சளாக இருந்தது. பட்டியலைப் பார்த்தேன். எட்டு மாதக் குழந்தை, பெண். அதன் தாயின் குழி அதற்கு முந்தினது, தண்ணீர்.

பிறந்த குழந்தையின் இரத்தத்தில் தாயின் அடையாளம் கொஞ்ச காலம் தங்கும். அதனால் குழந்தைகளின் முடிவை நாங்கள் எளிதில் நம்புவதில்லை. ஆனால் இங்கே தாய்க்கு இல்லை, குழந்தைக்கு இருக்கிறது. எண்கள் மாறியிருக்குமென்று நினைத்து மறுபடியும் புதுக் குழாய் எடுத்து வரச் சொன்னோம். அதே முடிவு. டிரெஸ்ஸர் விசாரித்துச் சொன்னார்: அந்தத் தாய்க்குக் கடுங்காய்ச்சல் வந்து பால் வற்றியபோது, கைப்பிள்ளைக்காரிதான் இரண்டு குழந்தைகளுக்கும் சேர்த்துப் பால் கொடுத்திருக்கிறாள். பல வாரங்கள். அவர்களிடையே அது வழக்கம், கேட்கக்கூட வேண்டியதில்லை. எப்போது என்று கேட்டேன். அவர் மாதக் கணக்குச் சொன்னார். நான் மகளுடைய மூன்றாம் மாத இரத்தத்தைச் சோதித்த சமயம்.

முதல் குழந்தைக்கு எப்போது தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது, பிறக்கும்போதே இருந்திருக்கலாம். அதை வைத்துக்கொண்டு நான் கொஞ்ச நாள் மூச்சு விட்டேன். இந்த இரண்டாவது குழந்தைக்கு அப்படி எந்தச் சந்தேகமும் இல்லை.

அந்தப் பெண்ணையும், குழந்தையோடு அந்தத் தாயையும் டாக்டர்கள் பார்ப்பதற்காக ஜார்ஜ் டவுனுக்கு அழைத்து வந்தார்கள். இரத்தம் எடுக்க வேறு ஆள் இருந்தார். நான்தான் எடுக்கிறேன் என்று போனேன். அந்தக் கைப்பிள்ளைக்காரி என்னை விடச் சின்னவள். நகரத்தில் யாரோ கொடுத்த பெரிய சட்டை போட்டிருந்தாள், தோள்பட்டை வழுக்கிக்கொண்டே இருந்தது. என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று டிரெஸ்ஸரிடம் கேட்டேன்.

“பேரெல்லாம் வேணாம்க்கா. இப்ப இருக்கற பேரு, புள்ள செத்தவங்களுக்கு வைக்கற பேரு. வாங்கன்னா வந்துரும்.”

அவள் கையை நீட்டினாள். ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தியபோது என் முகத்தைப் பார்த்து ஏதோ நீளமாகச் சொன்னாள். தன் சுட்டுவிரலில் குத்துவதுபோலக் காட்டினாள். டிரெஸ்ஸர் கேட்டுவிட்டு வியப்போடு என்னிடம் திரும்பினார்.

“முகாமுக்கு வந்த ஒரு நர்ஸ் பொண்ணு, இவங்க புள்ள உதைச்சு விரல்ல குத்திக்கிட்டாளாம்க்கா. எனக்கே இப்பத்தான் தெரியும். உங்க ஜாடையா இருந்தாளாம். சொன்னா பொண்ணுக்குத் திட்டு விழும்னு யாருகிட்டயும் சொல்லாம இருந்துச்சாம். அவ நல்லா இருக்காளான்னு கேக்குது.”

“நல்லா இருக்கா,” என்றேன்.

அவர் அதை அவளிடம் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். பக்கத்துப் பெண்ணிடம் திரும்பி அதையே சொன்னாள் போலிருக்கிறது. அவளும் குழந்தையைத் தோளில் போட்டபடி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். டிரெஸ்ஸர் மட்டும் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கேன்டீனில் நான் ஏன் கைக்குழந்தையைப் பற்றிக் கேட்டேன் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் எங்கள் கூடத்துக்குக் குழாய்களை வேறு ஆளிடம் கொடுத்தனுப்பினார்.

நான்கு நாள் வார்டில் இருந்தார்கள். பிறகு, மலைக்கே போகிறோம் என்று எழுந்துவிட்டார்கள். டாக்டர்கள் தடுத்துப் பார்த்தார்கள். தடுத்து வைத்தாலும் கொடுப்பதற்கு அவர்களிடமும் மருந்து இல்லை. சில ஆண்டுகள் கழித்து நல்ல மருந்துகள் வந்ததாகப் படித்தேன். அந்தப் பெண் அதற்கு முன்பே போய்விட்டாள். அந்தப் பெண் குழந்தை இரண்டு வயதைத் தாண்டவில்லை. அதே மலையிலிருந்து பிறகு வந்த குழாய்களிலும் மஞ்சள் வந்துகொண்டுதான் இருந்தது. நான் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

என் மகளுக்கு இதில் எதுவும் தெரியாது. பரீட்சையில் தேறி, இப்போது குழந்தைகள் வார்டில் தாதியாக இருக்கிறாள். கல்யாணமாகித் தனி வீடு. சென்ற மாதம் வந்திருந்தபோது, பழைய தொண்டர் குழு மறுபடியும் மலைக்குப் போகிறது, இந்தத் தடவை தானும் போவதாகச் சொன்னாள். போனமுறை தன்னால் பயந்துபோன அந்த அம்மாவைத் தேடிப் பார்க்க வேண்டுமாம்.

“நீங்களும் வாங்களேம்மா. ரிட்டயர் ஆகப் போறீங்க, வீட்டுலயே இருந்து என்ன பண்றது? அந்தக் குண்டுப் பய இப்ப நல்லா ஓடுவான்ல?”

“ஓடுவான்,” என்றேன்.